புது பேரிங் போட்டு நான்கு மாதம்தான், மறுபடியும் அதே உறுமல் (புரொபாக்ஸ், யாங்கோன்)

தாக்கேட்டா_டிரைவர்:

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2006 டொயோட்டா புரொபாக்ஸ், 1500 சிசி, முன்சக்கர இழுவை. மீட்டர் 2,30,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. யாங்கோனில் வாடகைக்கு ஓட்டுகிறேன். பத்து வருடமாக எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவது இந்த வண்டிதான், அதனால் இதில் ஒரு சத்தம் மாறினாலும் எனக்குத் தூக்கம் வராது.

சித்திரையில் திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முடிந்த வாரம் வலது முன் சக்கரத்து பேரிங்கை மாற்றினேன். சத்தம் நின்றது. இப்போது ஆவணி பிறந்திருக்கிறது, நான்கே மாதம், அதே சக்கரத்தில் அதே உறுமல். 60 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லத் தொடங்குகிறது. 80-இல் அரிசி மில் வாசலில் நிற்பது போல இருக்கிறது, பின்சீட்டில் இருப்பவர்கள் பேசுவது காதில் விழவில்லை. கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டுப் பார்த்தேன், இஞ்சின் சத்தம் இறங்கியும் உறுமல் குறையவில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தால் ஏறுகிறது, வலப்பக்கம் சாய்த்தால் அடங்குகிறது.

போன தடவை எப்படி மாற்றினார்கள் என்பதையும் சொல்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்தேன். நக்கிளை (பேரிங்கைத் தாங்கும் இரும்புக் கூடு) கழற்றிக் கீழே வைத்து, பழைய பேரிங்கை அடித்து எடுத்தார்கள். புதியதை மேலே வைத்து, பழைய வளையத்தை அதன்மேல் வைத்து அடித்து இறக்கினார்கள். பிறகு ஹப்பை (சக்கரம் பூட்டும் நடுப் பகுதி) நேராக நிறுத்தி சம்மட்டியால் அடித்து உட்கார வைத்தார் அந்தப் பட்டறை சயா (மேஸ்திரி). ஆக்சில் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் ‘டர்’ரென்று இறுக்கினார். ஒரு மணி நேரத்தில் வண்டி கைக்கு வந்தது. வேகமாக முடித்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

ஜூலை மழையில் முழங்கால் தண்ணீரில் இரண்டு தடவை போயிருக்கிறேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

என் சந்தேகங்கள்: போட்டது போலி பேரிங்காக இருக்குமா? திறந்து கிரீஸ் வைத்தால் சரியாகுமா? அடுத்த வாரம் மோல்மேனில் பெரியம்மா பேத்தி கல்யாணம், அம்மாவை அழைத்துக்கொண்டு போக வேண்டும். போக மட்டும் சுமார் 300 கிலோமீட்டர். இந்தச் சத்தத்தோடு போய் வரலாமா?

வடக்கு_டகோன்_77:

அண்ணே, பேரிங் என்று முடிவு கட்டும் முன் டயரைப் பாருங்கள். நான் இரண்டு பக்கமும் பேரிங் மாற்றி, பணத்தைக் கொட்டிய பிறகுதான் சத்தம் டயரிலிருந்து வந்தது என்று தெரிந்தது. டயரின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரியும் தட்டினால் டயர் சீராகத் தேயவில்லை. முன் டயர் இரண்டையும் பின்னால் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். சத்தம் பின்னால் போய்விட்டால் பேரிங் மேல் பழி போட வேண்டாம்.

இன்னொன்று, மாண்டலே எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். அது கான்கிரீட் ரோடு, அதில் எந்த வண்டியும் உறுமும். தார் ரோட்டில் கேளுங்கள். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். எந்த ரோட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் பேரிங் பக்கம் பாருங்கள்.

தட்டோன்_பட்டறை:

தம்பி, டகோன் தம்பி சொன்ன டயர் சோதனையைச் செய்யுங்கள், செலவில்லாத வேலை. ஆனால் ஸ்டியரிங்கைச் சாய்க்கும்போது சத்தம் ஏறி இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இடப்பக்கம் திருப்பும்போது வண்டியின் எடை வலது சக்கரத்தில் சாயும், அப்போது சத்தம் ஏறினால் வலது பேரிங்தான் என் கணக்கு. உறுதி செய்ய ஒரு வழி உண்டு. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள், மறு கையை சஸ்பென்ஷன் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் மணலை அரைப்பது போன்ற அதிர்வு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதை விட விரல் நம்பகமானது.

இனி முக்கியமான சங்கதி. நீங்கள் எழுதிய அத்தனையிலும் ஒரு வரி போதும் எனக்கு: ஹப்பை சம்மட்டியால் அடித்து உட்கார வைத்தார். அந்த பேரிங் பட்டறையை விட்டு வெளியே வரும்போதே பாதி செத்துவிட்டது. மழைத் தண்ணீர் மீதியைப் பார்த்துக்கொண்டது.

நான் தட்டோனில் நாற்பது வருடம் பட்டறை நடத்தியவன். கை பழகியது ஹினோ லாரிகளில். ஹினோவின் முன் சக்கரத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். கழற்றி, டீசலில் கழுவி, காயவைத்து, உள்ளங்கையில் கிரீஸை வைத்து உருளைகளுக்கு நடுவில் ஊட்டி, திரும்பப் போட வேண்டும். நட்டை இறுக்கிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றி, பிறகு சற்றுத் தளர்த்தி, காட்டர் பின்னைச் செருகினால் அடுத்த மழைக்காலம் வரை கவலை இல்லை. அந்த பேரிங் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். அந்தக் கைப்பழக்கத்தோடுதான் பலர் இன்று புரொபாக்ஸையும் தொடுகிறார்கள்.

புரொபாக்ஸின் முன் பேரிங் வேறு வகை. இரண்டு வரிசை எஃகு குண்டுகள். வெளி வளையம் ஒன்று, அது நக்கிளுக்குள் இறுக்கமாக உட்காரும். உள் வளையம் இரண்டு துண்டு, அதற்குள் ஹப் இறுக்கமாக நுழையும். கிரீஸை ஃபேக்டரியிலேயே வைத்து, இரண்டு பக்கமும் சீல் போட்டு மூடிவிடுகிறார்கள். அதனால் கிரீஸ் வைக்கலாமா என்று கேட்டீர்களே, முடியாது. சீலைக் கிளப்பி வைத்தாலும் குண்டுகள் ஓடும் பாதையில் விழுந்த குழி நிரம்பாது.

அந்தக் குழி எப்படி விழுகிறது என்பதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பேரிங்கை நக்கிளுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழ வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் அந்த பலம் முழுவதும் குண்டுகள் வழியாக வெளி வளையத்துக்குப் போகும். அடுத்து ஹப்பை உள்ளே செலுத்தும்போது, பின்பக்கத்திலிருந்து உள் வளையத்துக்கு ஒரு குழாய்த் துண்டால் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் நக்கிளை மட்டும் கட்டையில் வைத்து ஹப்பை அடித்தால் மறுபடியும் அடி முழுவதையும் குண்டுகள்தான் வாங்கும். ஒவ்வொரு குண்டும் தான் நின்ற இடத்தில் ஒரு சிறு பள்ளத்தைப் பதித்துவிடும். விரலால் சுற்றினால் அன்றைக்கு எதுவும் தெரியாது, வண்டியும் அமைதியாகத்தான் ஓடும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் அந்தப் பள்ளங்களில் ஏறி இறங்கி, பள்ளத்தின் விளிம்பு பொரிந்து, பொடி கிரீஸில் கலந்து பாதை முழுவதும் அரைபடும். நான்கு மாதம் அதற்குத் தாராளம்.

எந்த வளையம் இறுக்கமாக நுழைகிறதோ அந்த வளையத்தை மட்டும் அழுத்து என்று என் கையாட்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். பேரிங் வேலை தெரிந்தவரா என்று பார்க்க உங்களுக்கும் இந்த ஒன்று போதும். அவரிடம் பிரஸ் இருக்கிறதா, அளவுக்கு ஏற்ற குழாய்த் துண்டுகளும் வளையங்களும் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். கையால் பம்ப் அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ் போதும், கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

அடுத்தது ஆக்சில் நட். அது சக்கரம் கழன்று விழாமல் இருக்க மட்டும் போடும் நட் என்று நினைப்பவர்கள் உண்டு. உள் வளையத்தின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, குண்டுகளுக்குச் சரியான இறுக்கம் கொடுப்பதே அந்த நட்தான். இந்த அளவு டொயோட்டா கார்களுக்கு வழக்கமாகச் சொல்வது 216 நியூட்டன் மீட்டர், 30 மில்லிமீட்டர் சாக்கெட். உங்கள் சேசிஸ் எண்ணுக்குரிய ரிப்பேர் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாதவர்கள் புரிந்துகொள்ள: ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 22 கிலோ தொங்கினால் எவ்வளவு பலமோ அவ்வளவு. காற்றுத் துப்பாக்கி எத்தனை இறுக்கியது என்று யாருக்கும் தெரியாது. குறைந்தாலும் கெடுதல், அதிகமானாலும் கெடுதல். புது நட் போடுங்கள், இறுக்கிய பிறகு அதன் விளிம்பை ஆக்சில் காடிக்குள் தட்டி மடக்கச் சொல்லுங்கள். அந்த நட் முழுதாக இறுகும் வரை சக்கரத்தின் மேல் வண்டி எடையை இறக்கக் கூடாது, ஓர் அடி தூரம் தள்ளவும் கூடாது. சும்மா நகர்த்தி நிறுத்தலாம் என்று செய்து புது பேரிங்கைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் யோசிப்பதில்லை. 1970 டிசம்பரில் நம் மியான்மரில் வண்டிகள் வலப்பக்கம் ஓட ஆரம்பித்தன. நாம் ஓட்டும் வண்டிகளோ ஜப்பானில் இடப்பக்கம் ஓடியவை. அதனால் நமக்கு டிரைவர் உட்காரும் பக்கமே ரோட்டு ஓரம். தேங்கிய தண்ணீர், உடைந்த தார் விளிம்பு, குப்பைக்கல் எல்லாம் வலது முன் சக்கரத்துக்குத்தான். என் பட்டறைக்கு வந்தவற்றில் வலது பக்கம்தான் எப்போதும் அதிகம். ஓடிச் சூடான பேரிங் திடீரென்று தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். முழங்கால் தண்ணீரைத் தவிர்க்க முடியாது என்றால், இறங்குவதற்கு முன் பத்து நிமிடமாவது நிறுத்தி ஆறவிடுங்கள்.

மோல்மேன் பயணம்: இந்தச் சக்கரத்தோடு வேண்டாம் தம்பி. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங், நிற்காவிட்டால் நக்கிளை சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட். பேரிங்கில் ஆட்டம் வந்துவிட்டால் டிஸ்க்கும் சேர்ந்து ஆடி பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும், தேவைப்படும் நேரத்தில் பெடல் ஆழமாகப் போகும். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த நிலை வேண்டாம். பஸ்ஸில் அனுப்புங்கள்.

பேரிங்_கவுன்டர்:

அண்ணா, நான் யாங்கோனில் உதிரிபாகக் கடையில் கவுன்டரில் இருக்கிறேன். எட்டு வருடமாக பேரிங் பெட்டிகளைக் கையில் எடுத்துக் கொடுப்பவள் என்பதால் போலி பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றதை தட்டோன் ஐயா சொல்லிவிட்டார்.

போலி உண்டு. என்எஸ்கே, என்டிஎன், கோயோ என்று பெரிய பெயர்களில்தான் அதிகம் வரும், பெயருக்குத்தானே விலை. பெட்டி அச்சைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, பெட்டியை நன்றாகவே அச்சடிக்கிறார்கள். பேரிங் நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் உலகக் கூட்டமைப்பு ஒரு ஆப் விட்டிருக்கிறது. அதில் சேர்ந்துள்ள பிராண்டுகளின் பெட்டியில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கலாம். வளையத்தில் எழுத்து மெல்லிசாக, சீராகப் பொறித்திருக்க வேண்டும். நகத்தால் சுரண்டினால் மங்குகிற மை எழுத்தாக இருந்தால் வாங்காதீர்கள்.

கடைக்கு வரும்போது பழைய பேரிங்கை மட்டும் கொண்டு வராதீர்கள், சேசிஸ் எண்ணையும் கொண்டு வாருங்கள். பழையதே தப்பான அளவாக இருந்து, அதைப் பார்த்துப் புதியதையும் தப்பாக எடுத்துப் போனவர்கள் உண்டு. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள சில வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தப் பட்டை இருக்கும், திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். உங்களுக்கு எது வரும் என்பதை எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு வேண்டுகோள் அண்ணா. நான்கு மாதத்தில் போய்விட்டது என்று கடைக்கு வந்து சண்டை போடுகிறவர்கள் கொண்டு வரும் பேரிங்குகளை நான் பார்க்கிறேன். உள் வளையத்தின் முகத்தில் சுத்தியல் காயம் பளிச்சென்று இருக்கும். நல்ல பொருளும் அப்படித்தான் போகிறது. அதனால் வாங்கும் இடத்தைப் பார்ப்பது போலவே போடும் கையையும் பாருங்கள்.

தாக்கேட்டா_டிரைவர்:

மூன்று பேருக்கும் நன்றி. முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டேன். சத்தத்தில் கொஞ்சம் பின்னால் போனது, பெரும்பகுதி முன்னாலேயே நின்றது. ஸ்பிரிங் மேல் கை வைத்துச் சுற்றினேன் ஐயா. இடது பக்கம் ஒன்றுமில்லை, வலது பக்கம் விரலில் நன்றாகத் தெரிந்தது. அம்மாவையும் தங்கையையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டேன். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை, வருத்தம்தான்.

தெற்கு ஒக்கலப்பாவில் பிரஸ் வைத்திருக்கும் ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறேன். ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டுமா, பேரிங் மட்டும் போதுமா?

தட்டோன்_பட்டறை:

கழற்றிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஹப்பை வெளியே தள்ளும்போது உள் வளையத்தின் ஒரு துண்டு ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். புல்லர் வைத்து இழுக்கலாம். கிரைண்டரால் வெட்டி எடுப்பவர்கள் ஹப்பில் வளையம் உட்காரும் பரப்பைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வளையம் போன பிறகு அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். பளபளவென்று வட்டக் கோடுகள் விழுந்திருந்தாலோ, நீலம் பாய்ந்திருந்தாலோ வளையம் ஹப்பின் மேல் சுழன்றிருக்கிறது. அந்த ஹப் வேண்டாம். நக்கிள் துளையிலும் அப்படியே பாருங்கள். புது பேரிங் பிரஸ் இல்லாமல் கையால் தள்ளியே உள்ளே போகிறது என்றால் நக்கிளும் வேண்டாம். இரண்டும் நன்றாக இருந்தால் துருவையும் பிசிறையும் சுத்தம் செய்து, பேரிங்கை இறக்கி, அதைப் பிடித்து நிறுத்தும் ஸ்னாப் ரிங் காடியில் முழுவதும் உட்கார்ந்ததா என்று சுற்றிலும் பாருங்கள். நக்கிளைக் கழற்றும் முன் அதை சஸ்பென்ஷனோடு பிடிக்கும் ஸ்ட்ரட் போல்ட் இரண்டும் இருக்கும் இடத்தில் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விடாதீர்கள், பின்னால் போன அந்தக் கொஞ்சச் சத்தத்துக்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

தாக்கேட்டா_டிரைவர்:

நேற்று வேலை முடிந்தது. இந்த இழையைப் பின்னால் படிப்பவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

நக்கிளைக் கழற்றி பிரஸ்ஸில் ஏற்றியதும் ஹப் பெரிய சத்தத்தோடு விட்டது. ஐயா சொன்னபடி உள் வளையத்தின் ஒரு பாதி ஹப்பிலேயே இருந்தது. அதை எடுத்த பிறகு பார்த்தால் ஹப்பில் ஒரு பக்கம் நீலம், விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. புது பேரிங்கை மட்டும் போட்டிருந்தால் மறுபடியும் இங்கேதான் வந்து எழுதிக்கொண்டிருப்பேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹப் ஒன்று கிடைத்தது, வளையம் உட்காரும் பரப்பு சுத்தமாக இருந்தது. நக்கிள் துளையில் குறை இல்லை.

பழைய பேரிங்கை கிரைண்டரில் வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். உள்ளே கிரீஸ் லப்பயே (பர்மியப் பால் டீ) நிறத்தில், பால் கலந்தது போல இருந்தது, தண்ணீர் போயிருக்கிறது. வெளி வளையத்தின் பாதையைத் துணியால் துடைத்து வெயிலில் பிடித்தேன். ஒரே இடைவெளியில் வரிசையாகப் பள்ளங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பொரிந்து கிடந்தது. ஒரு குண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன், அச்சில் வைத்தது போல உட்கார்ந்தது. அதைப் பார்த்தபோது மனம் கஷ்டப்பட்டது. பக்கத்தில் நின்று அந்தச் சம்மட்டி அடிகளைப் பார்த்தவன் நான்.

புதியதைப் போட ஒக்கலப்பா சயா முக்கால் மணி நேரம் எடுத்தார். வெளி வளையத்துக்கு ஒரு வளையம், உள் வளையத்துக்கு முட்டாக வேறு ஒரு குழாய், இரண்டையும் பேரிங்கில் வைத்து அளவு பார்த்துவிட்டுத்தான் பம்பைத் தொட்டார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே, உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, டார்க் ரெஞ்சில் 216 வைத்து இறுக்கி, நட் விளிம்பை மடக்கினார். அதன் பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. அலைன்மென்டில் முன் சக்கரங்கள் வெளிப்பக்கம் திறந்து நின்றன, அதையும் சரி செய்தார்கள்.

ராத்திரி ரோடு காலியான பிறகு 80 வரை ஓட்டிப் பார்த்தேன். முன்னால் சத்தமே இல்லை. பின்னால் அந்த டயர் சத்தம் லேசாக இருக்கிறது. டகோன் தம்பி, உங்கள் பேச்சும் உண்மைதான். தீபாவளிக்குள் டயர் மாற்றிவிடுவேன்.

கடைசியாக ஒன்று ஐயா. இடது பக்க பேரிங் வண்டியோடு வந்ததுதான், எத்தனை வருடம் ஓடியதோ. ஒரு கை பார்த்தாகிவிட்டது, அதையும் சேர்த்து மாற்றிவிடட்டுமா?

தட்டோன்_பட்டறை:

கை வைத்துப் பார்த்தீர்கள், அதிர்வு இல்லை என்றீர்கள். ஆட்டமும் இல்லையென்றால் தொடாதீர்கள் தம்பி. அந்த பேரிங்கைக் கழற்றுவது என்றால் உடைப்பது என்று அர்த்தம், திரும்பப் போட முடியாது. ஜப்பான் ஃபேக்டரியில் போட்ட இறுக்கம் அது, இன்னும் ஓடும். மழை முடிந்ததும் ஒருமுறை ஸ்பிரிங் மேல் கை வைத்துச் சுற்றிப் பாருங்கள், விரலில் மணல் தட்டுப்பட்டால் அன்றைக்கு அதே ஒக்கலப்பா சயாவிடம் போங்கள்.